எங்கள் தெருவின் நாய்கள்

ஓர் ஊரின் நிலையை அறிய அதன் வீடுகளைக் காண வேண்டும் என்பர். அதன் நாய்களைக் கண்டாலே போதும் என்பது என் கருத்து. எந்த வீட்டு வாயிலில் எந்த நாய் கட்டப்பட்டிருக்கிறது, எந்த நாய் குப்பைத்தொட்டியின் அருகே படுத்திருக்கிறது, எந்த நாய் சென்ற மாதம் வரை ஒரு வீட்டின் கூடத்தில் உறங்கி இம்மாதம் தேநீர்க்கடை வாயிலில் நிற்கிறது என்பவற்றை உற்று நோக்குவோர்க்கு, அவ்வூராரின் பெருமையும் அச்சமும் ஆசையும் சலிப்பும் ஒருங்கே விளங்கிவிடும். விடியற்காலையில் நோயாளிகளைச் சந்திக்கவும் கிளைக் கிராமங்களுக்குத் திருப்பலி நிறைவேற்றவும் புறப்பட வேண்டியவன் ஆதலின், இக்கல்வி எனக்குக் கட்டணமின்றியே கிடைத்து வருகிறது.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் இடைப்பட்ட கரிசல் மண்ணில் உள்ளது. கோவில் தெருவில் நாற்பது வீடுகளுக்கு மேல் இல்லை. ஆயினும் ஜெர்மனியையும் கனடாவையும் சீனத்தையும் சைபீரியாவையும் பூர்வீகமாகக் கொண்ட நாய்கள் இத்தெருவில் குடியிருக்கின்றன. எங்கள் பங்கு மக்களில் பலர் சென்னையைக்கூடக் கண்டதில்லை என்பதை எண்ணும்போது இது வியப்பே.

முதலில், எண்ணிக்கையில் மிகுந்த நம் நாட்டு நாயைப் பற்றிக் கூறுவதே முறை. செவலை நிறம், சில வேளைகளில் கறுப்பு அல்லது வெள்ளைத் திட்டுகள், நிமிர்ந்த காதுகள், முதுகின்மேல் வளைந்து நிற்கும் வால், ஒட்டிய குறுமயிர், ஒடுங்கிய முகம். எந்த மனிதனும் திட்டமிட்டுச் சேர்த்து உருவாக்கிய வடிவம் அன்று இது. நம் வெயிலும் நம் மழையும் நம் எச்சில் இலையும் பல நூறு தலைமுறைகளாகச் சேர்ந்து செதுக்கிய வடிவம். சீமை நாய்களுள் பல ஆண்டுக்கு இருமுறை பருவமடைய, இவற்றுட் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறையே பருவம் கொள்கின்றன. மழைக்காலத்தை ஒட்டி இணை சேர்ந்து, ஏறத்தாழ 63 நாள் சுமந்து, மார்கழிக் குளிரில் குட்டி ஈனுகின்றன. அக்குட்டிகளில் பெரும்பாலானவை அடுத்த சித்திரையைக் காண்பதில்லை. எஞ்சுபவையே நாம் காணும் நாய்கள். அதனாற்றான் அவை அத்துணை உறுதி வாய்ந்தவை.

இந்நாயை நம் மக்கள் ‘தெருநாய்’ என்கின்றனர். விலை கொடுத்து வாங்கிய நாயைச் ‘சாதி நாய்’ என்கின்றனர். எத்தனையோ சொற்கள் இருக்க இச்சொல்லை எங்ஙனம் தேர்ந்தனரோ! ஒருவர் தம் வீட்டிற்குப் புதிதாக வந்த குட்டியைக் காட்டி, “சுத்த சாதி, சாமி; கலப்பே இல்லை” என்று பெருமையுடன் கூறினார். இம்மாவட்டத்தில் முப்பது ஆண்டுகளாகக் குருப்பணி ஆற்றுபவன் நான். அச்சொற்களை வேறு பேச்சுகளிலும் கேட்டிருக்கிறேன். ஆதலின் குட்டியைத் தடவிக் கொடுத்துவிட்டு வேறு பேச்சுக்குத் திரும்பினேன். தோபித்து நூலில், இளைஞன் தோபியா நெடும்பயணம் புறப்படுகையில் அவனுடன் நாயும் சென்றது என்பதை நம் வாசகர் அறிவர். அது எவ்வினத்து நாய் என்று அந்நூல் கூறவில்லை.

நம் நாட்டிலும் இனம் பிரித்து வளர்க்கப்பட்ட நாய்கள் உண்டு. அவற்றுள் புகழ்பெற்றவை இந்தக் கரிசல் வட்டாரத்தையும் அதன் அண்டையையும் சேர்ந்தவையே. விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை என்னும் சிற்றூர் தன் பெயரையே ஒரு நாய்க்கு ஈந்துள்ளது. நீண்ட கால்கள், ஆழ்ந்த மார்பு, உள்ளொடுங்கிய வயிறு, கூரிய முகம். வெளியூரார் எவரேனும் முதன்முதலாகக் கண்டால், “ஐயோ, இதற்குச் சோறு போடுவார் இல்லையா?” என்று இரங்குவர். கறுப்பு உடலும், கால்களிலும் முகத்திலும் பழுப்பு நிறமும் கொண்டதைக் ‘கன்னி’ என்பர். வெண்மை கலந்த மங்கிய நிறத்ததைப் ‘பால்கன்னி’ என்பர். இரண்டும் ஒரே குலம், நிறமே வேறு என்போரும் உளர். தேனி மாவட்டத்துக் கோம்பை, கறுத்த முகமும் செம்பழுப்பு உடலும் உடைய காவல் நாய். ராஜபாளையத்தைப் பற்றிப் பின்னர் விரிவாகக் கூறுவேன்.

சிப்பிப்பாறையும் கன்னியும் மோப்பத்தைக் காட்டிலும் பார்வையை நம்பி வேட்டையாடும் நாய்கள். கரிசற் காடு மரமற்ற திறந்தவெளி. அங்கே முயல் எழுந்து ஓடினால், அதனைக் கண்ணால் கண்டு, வளைந்து வளைந்து ஓடும் அதன் ஓட்டத்திற்கு ஈடு கொடுத்துத் துரத்தி வீழ்த்துவதற்கென்றே இவ்வுடல் அமைந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் முயல் வேட்டை குற்றமாயிற்று. திறந்தவெளிகளும் சீமைக்கருவேலங் காடுகளாகவும் வீட்டுமனைகளாகவும் மாறின. நாயின் வேலை போயிற்று; நாய் மட்டும் எஞ்சிற்று.

சில காலம் இவை அழிந்தே போகும் என்று பலர் அஞ்சினர். பின்னர்க் காற்று மாறிற்று. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாயினங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. அவற்றுள் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டு 30 அன்று பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றின் பெயரைக் கூறி, இந்திய நாய்களை வளர்க்குமாறு கேட்டுக்கொண்டார். இளைஞர்கள் பலர் இவற்றைத் தேடி வாங்கத் தொடங்கினர். மகிழ வேண்டிய செய்தியே. ஆயினும் எங்கள் ஊரில் நான் காண்பது வேறு. வேலைக்குச் செல்லும் இளைஞன் ஒருவன் விலை கொடுத்துக் கன்னிக்குட்டியை வாங்குகிறான். கைப்பேசியில் படம் எடுத்து நண்பர்க்கு அனுப்புகிறான். பின்னர் மொட்டைமாடியில் கட்டிவைக்கிறான். அது நாள் முழுதும் சங்கிலியின் நீளத்திற்குள் சுற்றிச் சுற்றி ஓடுகிறது.

இவ்வினத்தை நன்கறிந்த ஆட்டுக்காரப் பெரியவர் ஒருவர் எங்கள் கிளைக் கிராமத்தில் இருக்கிறார். கம்மாய்க் கரையில் கம்மங்கூழ் ஊற்றியே மூன்று தலைமுறை நாய்களை வளர்த்தவர். அந்த மொட்டைமாடி நாயை அவரிடம் ஒருநாள் காட்டினேன். நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாமி, இது ஓடப் பொறந்த நாயி. ஓடுனாத்தான் அதுக்குச் சோறே செமிக்கும். மாடியில கட்டிப்போட்டா கிறுக்குப் பிடிக்காம என்ன செய்யும்? வாங்குன பிள்ளைக்கு இதை யாரும் சொல்லலியாக்கும்?”

“நீங்கள்தான் சொல்லுங்களேன், ஐயா” என்றேன்.

“நான் சொன்னாக் கேப்பானா? நான் என்ன செல்போன்லயா வாரேன்?” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இனிச் சீமை நாய்கள். என் சிறுவயதில், அஃதாவது 1970-களின் இறுதியிலும் 80-களிலும், இவ்வட்டாரத்தில் காணக்கிடைத்தவை மூன்றே. செல்வர் வீட்டில் அல்சேஷன். மருத்துவர் வீட்டில் டாபர்மேன். மற்றையோர் வீட்டில் பொமரேனியன். மூன்றின் வரலாறும் சுவையானவை. நம்முள் பெரும்பாலோர் அறியாதவை.

அல்சேஷன் என்பது உண்மையில் ஜெர்மன் ஆட்டிடைய நாய். 1899-இல் ஸ்டெஃபானிட்ஸ் என்னும் படைத்தலைவர் இவ்வினத்தை முறைப்படுத்தினார். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி என்ற சொல்லே ஆங்கிலேயர்க்குக் கசந்தது; எனவே எல்லைப்புற மாநிலமாகிய அல்சாசின் பெயரை இதற்குச் சூட்டினர். 1977-இல் அவர்களே பழைய பெயரை மீட்டனர். நாம்தான் இன்னும் ‘அல்சேஷன்’ என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம். டாபர்மேனை உருவாக்கியவர் அப்பெயருடைய மனிதரே. ஜெர்மனியின் அபோல்டா நகரில் வரி தண்டியவர். வரி தண்டச் செல்லும் இடங்களில் தமக்குத் துணையாக அஞ்சத்தக்க நாய் ஒன்று வேண்டும் என்று எண்ணி இதனை வளர்த்தார் என்பர். நற்செய்தி நூல்களில் வரி தண்டுவோரைப் பற்றிப் படித்த நமக்கு இஃது எளிதில் விளங்கும்.

பொமரேனியன் என நாம் அழைத்தது பெரும்பாலும் பொமரேனியனே அன்று. அது இந்திய ஸ்பிட்ஸ். ஆங்கிலேயர் காலத்தில் வந்த ஐரோப்பியக் குலத்திலிருந்து நம் நாட்டிலேயே பெருகி, நம் வெயிலுக்குப் பழகிய நாய். 1994-இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற ஓர் இந்தித் திரைப்படத்தில் வரும் வெள்ளை நாய் இவ்வினத்ததே. வாயிலில் யார் வந்தாலும் ஓயாது குரைக்கும். சிறிது சோறும் பாலும் போதும். அகவிலை ஏறிய காலத்தில் ஆசிரியர்களும் எழுத்தர்களும் வளர்க்க ஏற்ற நாய். இன்று அது ஏறத்தாழ மறைந்தே போயிற்று. எங்கள் தெருவில் ஒன்றே ஒன்று உள்ளது; வயது பதின்மூன்று; கண் மங்கிவிட்டது. அதனை வளர்க்கும் கைம்பெண் அம்மையார் திருப்பலிக்கு வரும்போது கோவில் படியின் கீழே அது காத்திருக்கும்.

அதன் இடத்தை இன்று பிடித்திருப்பது லாப்ரடார். லாப்ரடார் என்ற நிலப்பகுதியைச் சேர்ந்ததன்று இது. அதன் அண்டையில் உள்ள நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் மீனவர்களுக்கு உதவிய நாய்களின் வழித்தோன்றல். உறைபனிக் கடலில் குதித்து, வலையின் கயிற்றையும், தூண்டிலிலிருந்து நழுவிய மீனையும் கவ்வி வரும். அதற்கெனவே நீர் புகாத இருமடங்கு மயிர்ப் போர்வை. அந்தப் போர்வையோடுதான் அது கத்தரி வெயிலில் எங்கள் தெருவில் படுத்திருக்கிறது. எத்துணை உண்டாலும் அதற்குப் போதாது. 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர், ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாரின் மரபணுவில் பசியடங்கும் செய்தி சரியாகச் செல்லாதபடி ஒரு குறை உள்ளது என்று கண்டறிந்தனர். “எங்கள் வீட்டு நாய் எப்போதும் பட்டினி கிடந்ததுபோலவே பார்க்கிறது, சாமி” என்று ஒரு தாய் கூறியபோது, அதற்கு இட்லி மேல் இட்லி போடுவதை நிறுத்துமாறு சொல்ல அச்செய்தி பயன்பட்டது.

பக் என்னும் சப்பை மூக்கு நாய் சீன அரண்மனைகளில் மடியில் வைத்துக் கொஞ்சப்பட்டது. 2003-இல் ஹட்ச் கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவனைப் பின்தொடர்ந்து ஓடியதும், நாடெங்கும் அதற்கு ஏற்பட்ட தேவை சொல்லுந்தரமன்று. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்க வேண்டும். மூக்கு இன்றேல் அதற்கு வழி ஏது? ஆதலின் சித்திரை, வைகாசியில் பக் படும் பாட்டை அருகிருந்து கண்டோர், அது குறட்டை விடுவதை வேடிக்கையாகக் கருதார். ஹஸ்கியைப் பற்றி அதிகம் கூற விரும்பவில்லை. சைபீரியாவில் பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாயைத் தீப்பெட்டி ஆலைகள் நிறைந்த இவ்வூருக்குக் கொண்டுவந்து, குளிர்சாதன அறையில் பூட்டிவைத்துள்ளனர். மின்வெட்டு நேரும்போது அது எழுப்பும் ஊளை கோவில் மணியோசையையும் மீறிக் கேட்கிறது.

ராட்வைலரையும் சொல்லத்தான் வேண்டும். 2024 மே மாதத்தில் சென்னைப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய செய்தியைக் கேட்டு நாம் அனைவரும் நடுங்கினோம். அதற்குச் சற்று முன்னர், அவ்வாண்டு மார்ச்சில், நடுவண் அரசு இருபத்துமூன்று வகை நாய்களைத் தடை செய்யுமாறு மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தைக் கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரலில் செல்லாததாக்கியது. வலிய நாயை வளர்ப்பவன் வலிய பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பதை எந்தச் சட்டத்தின் துணையுமின்றியே நாம் ஏற்கலாம்.

இனி ராஜபாளையம். என் மனத்தை இக்கட்டுரைக்குத் தூண்டியதே அந்நாய்தான்.

பால்போன்ற வெண்மை, ரோஜா நிற மூக்கு, இரண்டடிக்கும் மேற்பட்ட உயரம், தொங்கும் காதுகள், தலைவனையன்றி மற்றவரை ஏறெடுத்தும் பாராத மிடுக்கு. காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் பெயர்பெற்ற நாய். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 2022-இல் இதன் குட்டி ஒன்றை வாங்கினார். ஒரு புள்ளிகூட இல்லாத முழு வெண்மை. அழைத்தால் திரும்பாது, கை தட்டினாலும் எழாது. “அரச பரம்பரை, சாமி, யார் கூப்பிட்டாலும் உடனே வந்துவிடுமா?” என்பார் அவர்.

2025 ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் இந்தத் திங்களிதழை எங்கள் பங்கில் வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பவன் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன். ஆசிரியர் வீட்டு வாயிற்கதவைத் திறந்து, “சார், புஸ்தகம்!” என்று உரக்கக் கூவிக்கொண்டேதான் நுழைந்தான். கதவின் பின்புறம் நிழலில் உறங்கிய நாய் அசையவில்லை. அசையாததால் அஞ்சாது அதன் அருகே காலை வைத்தான். தூக்கத்தில் தன்மேல் ஏதோ பட்டதும் வெகுண்டெழுந்த நாய், கெண்டைக்காலைக் கவ்விவிட்டது.

அலறல் கேட்டு நாங்கள் ஓடியபோது, சிறுவனின் பாட்டி கையில் மிளகாய்ப்பொடியோடும் நல்லெண்ணெயோடும் வந்துகொண்டிருந்தார். “வேண்டாம் அம்மா, முதலில் சோப்பு” என்று தடுத்து, தெருக் குழாயடியிலேயே காலை வைத்துக் கழுவத் தொடங்கினோம். பாட்டி பதறினார்: “இம்புட்டு நேரமா தண்ணியில வச்சிருந்தா எப்படி, சாமி? பிள்ளை வெறைச்சிப் போவானே!” பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவ வேண்டும் என்பது மருத்துவர் கூற்று, வெறிநோய்க் கிருமியைச் சோப்பு அழிக்கும். மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் காபித்தூளும் புண்ணைக் கிளறிக் கிருமியை உள்ளே செலுத்துமேயன்றி வேறு பயன் தாரா. பின்னர் அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருப்பதாக ஆசிரியர் கூறினும், அதை நம்பி வாளாவிருக்கலாகாது என்று மருத்துவர் கூறி, காயத்தைச் சுற்றிலும் எதிர்ப்புப் புரதமும் கையில் தடுப்பூசியும் போட்டார். முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 3, 7, 28 ஆகிய நாள்களில் மீண்டும் செல்லவேண்டும். நான்கு முறையும் கட்டணம் இல்லை. மூன்றாம் ஊசியோடு நிறுத்திவிடும் வீடுகள் பல என்று அங்கிருந்த செவிலியர் வருந்தினார். இந்நோய் நரம்பின் வழியே மெல்ல ஊர்ந்து மூளையை அடைகிறது. அறிகுறி தோன்றிய பின்னர்ப் பிழைத்தோர் மிக மிக அரியர். தோன்றுமுன் தடுப்பதே மருத்துவம்.

என் வயதினர்க்குத் தொப்புளைச் சுற்றிப் போடும் பதினான்கு ஊசிகள் நினைவிருக்கும். ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்ட அம்மருந்தைக் குன்னூர்ப் பாஸ்டர் நிலையம் பல்லாண்டுகள் ஆக்கி அளித்தது. 1907-இல் தொடங்கப்பட்ட அந்நிலையத்திற்குப் பெயர் தந்த லூயி பாஸ்டர், 1885 ஜூலையில் முதன்முதலாகத் தம் மருந்தைச் செலுத்தியதும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கே. அவன் வந்த இடம் அல்சாஸ். அல்சேஷன் நாய்க்கும் அவ்வூருக்கும் தொடர்பில்லை என்று மேலே கூறினேன். ஆயின் நாய்க்கடி வரலாற்றில் அவ்வூருக்கு இவ்வாறு ஓரிடம் உண்டு.

மூன்றாம் நாள் கால்நடை மருத்துவர் ஆசிரியர் வீட்டிற்கு வந்தார். நாயின் பின்னே சென்று, எவர்சில்வர்த் தட்டொன்றைத் தரையில் போட்டார். தெருவே திரும்பிப் பார்த்தது, நாய் திரும்பவில்லை. பிறவியிலேயே இரு காதும் கேளாத நாய் அது. ஆசிரியர் திண்ணையில் அமர்ந்துவிட்டார். மூன்றாண்டுகளாகத் தாம் பெயர் சொல்லி அழைத்ததை அந்நாய் ஒருமுறையும் கேட்டதில்லை என்பதே அவருக்குப் பெருந்துயராயிற்று.

மருத்துவர் விளக்கியது இது. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் அணுக்களே உட்செவியிலும் அமைந்து கேட்கும் நரம்பு முனைகளைக் காக்கின்றன. நிறமே இல்லாத நாய்களுள் சிலவற்றிற்கு உட்செவியிலும் அவ்வணுக்கள் இல்லாமற்போக, பிறந்த சில வாரங்களிலேயே செவிப்புலன் அழிந்துவிடுகிறது. புள்ளி போட்ட டால்மேஷனுக்கும் இக்குறை உண்டு. ராஜபாளையக் குட்டிகளில் பழுப்புத் திட்டோடு பிறப்பவையும் உண்டு. ஆனால் வாங்குவோர் வெள்ளையையே கேட்கின்றனர். எனவே வெள்ளையையும் வெள்ளையையும், பல வேளைகளில் உறவுக்குள்ளேயே, சேர்க்கின்றனர். திட்டுள்ள குட்டியை விலைபோகாதது என்று ஒதுக்குகின்றனர். திட்டோடு பிறந்தது கேட்கும், விலை போகாது. வெள்ளையாய்ப் பிறந்தது விலை போகும், கேளாமலும் போகலாம். குட்டி வாங்கச் செல்வோர் அது உறங்கும்போது பின்னின்று ஓசை எழுப்பிப் பார்த்து வாங்குக. இக்குறை வெளியே தெரியாதது. உடன்பிறந்த குட்டிகளோடு இருக்கையில் அவற்றைப் பார்த்தே கேளாத குட்டியும் எழுந்து ஓடிவரும். தனியே பிரித்துச் சோதிக்க வேண்டும்.

இதற்கிடையே தெரு பொங்கி எழுந்தது. அடுத்த வாரமே ஒரு விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. கோவில் தெருவின் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துச் செல்ல வேண்டும் என்று நகராட்சிக்கு எழுதப்பட்டிருந்தது. முதல் கையொப்பம் பங்குத்தந்தையுடையதாக இருக்க வேண்டுமாம். கடித்தது வேலிக்குள் வளர்ந்த நாய், தண்டனை தெருவில் கிடக்கும் நாய்க்கா என்று கேட்டேன். கேட்டது நியாயம் என்றே இன்றும் எண்ணுகிறேன். எனினும் அவர்கள் பக்கமும் பேச்சு இருந்தது. இரவு வேலை முடிந்து இருசக்கர வண்டியில் திரும்பும் ஆலைத் தொழிலாளரை நாய்கள் துரத்துகின்றன. ஒரு பெண் விழுந்து கை முறிந்தார். விடியலில் முதற்பூசைக்கு வரும் முதியோர் கையில் கழியோடு வருகின்றனர். நாய்மேல் அன்புடையோர் பலர் இவ்வச்சத்தை ஏளனம் செய்கின்றனர். விழுந்து கை முறிந்தவரிடம் போய்ப் பேசிப் பார்க்கட்டும்.

விண்ணப்பத்தைக் கொண்டுவந்தோருள் ஒருவரைத் தனியே இருத்திக் கேட்டேன்: “உங்கள் வீட்டில் ஒரு பக் இருந்ததே, அது எங்கே?” சற்றுத் தயங்கி, “புறவழிச்சாலைப் பக்கம் விட்டுட்டோம், சாமி. மூச்சு வாங்கிக்கிட்டே இருந்துச்சு. ஆஸ்பத்திரிச் செலவு தாங்கலை” என்றார். தீயவர் அல்லர், கடனில் உள்ளவர். ஆயினும் அச்சாலையில் நான் வண்டியில் செல்லும்போது காண்பவற்றை இங்கு எழுத மனம் வரவில்லை. லாப்ரடார், பக், ஒருமுறை ஒரு ஹஸ்கி. நாட்டு நாய்க்குத் தெருவில் வாழத் தெரியும். இவற்றிற்குத் தெரியாது, சாலையைக் கடக்கவும் தெரியாது.

சட்டம் கூறுவதையும் அறிந்துகொள்வது நன்று. 2001-இலும் பின்னர் 2023-இலும் வகுக்கப்பட்ட விதிகளின்படி, தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். காரணம் எளியது. ஓர் இடத்து நாய்களை முற்றிலும் அகற்றினால், அங்குள்ள எச்சிலுக்கு அடுத்த தெரு நாய்கள் வரும். அவை ஊசி போடாதவையாக இருக்கலாம். ஒரு காதின் ஓரம் வெட்டப்பட்ட நாயை நீங்கள் கண்டிருப்பீர்கள். எவரோ கொடுமை செய்துள்ளனர் என்று எண்ண வேண்டா. கருத்தடை முடிந்தது என்பதற்கு அடையாளம் அது. 2025 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதி நாய்கள் அனைத்தையும் காப்பகங்களுக்குக் கொண்டுசெல்ல ஆணையிட்டு, அதே மாதம் 22 அன்று அதனை மாற்றி, வெறிநோயுற்றவையும் மூர்க்கமானவையும் தவிர ஏனையவற்றை ஊசி போட்டுப் பழைய இடத்தில் விடுமாறு கூறியது. நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் போன்ற இடங்களுக்குள் இருப்பவற்றை மட்டும் அகற்றித் திரும்ப அங்கே விடலாகாது என்றும் ஆணையிட்டது.

நான் கையொப்பமிட்டது வேறொரு தாளில். கருத்தடை வண்டியை அனுப்புமாறு நகராட்சிக்கும், தடுப்பூசி முகாம் நடத்துமாறு கால்நடை மருத்துவமனைக்கும் எழுதினோம். பழைய விண்ணப்பத்தை எழுதிய இளைஞர்களே இதனையும் எழுதினர். செப்டம்பர் 28, பாஸ்டர் மறைந்த நாள். வெறிநோய் ஒழிப்பு நாளாக உலகெங்கும் கொள்ளப்படுகிறது. அது 2025-இல் ஞாயிறாகவும் அமைந்ததால், திருப்பலிக்குப் பின் கோவில் முற்றத்திலேயே முகாம் நடந்தது. மொட்டைமாடிக் கன்னி அன்றுதான் முதன்முறையாகத் தரைக்கு வந்தது என நினைக்கிறேன். ஆட்டுக்காரப் பெரியவர் அதன் கயிற்றை வாங்கிக்கொண்டு மைதானத்தை மூன்று முறை சுற்றிவந்தார், அவருக்கு அதன் வேகம் இணங்கவில்லையாயினும். கண் மங்கிய ஸ்பிட்ஸை அம்மையார் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தார். ஆசிரியர் தம் வெள்ளை நாயை வாய்க்கூடு போட்டு அழைத்துவந்தார். தரையைக் காலால் இருமுறை தட்டினால் அதிர்வை உணர்ந்து அது திரும்பிப் பார்க்கும் என்று கற்றுக்கொண்டிருந்தார். புத்தகம் கொண்டுவரும் சிறுவனுக்கும் அதனைக் காட்டினார். சிறுவன் தொலைவில் நின்றே தட்டினான், நாய் திரும்பிற்று, அவன் பாட்டியின் பின்னே ஒளிந்துகொண்டான்.

நகராட்சி வண்டி நவம்பரில் வந்தது. பெரும்பாலான தெருநாய்கள் காதில் வெட்டோடு திரும்பிவிட்டன. குரைப்பும் துரத்தலும் சற்றுக் குறைந்தன என்று இரவு வேலைக்காரர் கூறுகின்றனர். ஆயினும் செவலைப் பெட்டை ஒன்று வலைக்குத் தப்பிவிட்டது. அது மார்கழியில் எங்கள் தொடக்கப்பள்ளி மாடிப்படியின் கீழே நான்கு குட்டிகளை ஈன்றது. பள்ளி வளாகத்தில் வைத்திருக்க இயலாது. வெளியே தள்ளினால் குளிரில் மாயும். தாயையும் குட்டிகளையும் பங்கில்லத்தின் பின்கட்டிற்கு மாற்றினோம். தாய்க்குத் தையில் கருத்தடை முடிந்தது. ஆண்குட்டிகள் மூன்றையும் கேட்டு வந்து எடுத்துச் சென்றுவிட்டனர். ஒன்றை அந்த ஆட்டுக்காரப் பெரியவரே எடுத்துக்கொண்டார். நான்காவது பெட்டை, அதனை யாரும் கேட்கவில்லை. செவலை நிறம், ஒரு காதில் மட்டும் கறுப்பு; தட்டின் ஓசை கேட்டால் அடுத்த கட்டிலிருந்தும் ஓடிவரும். முதல் தடுப்பூசி போட்டாயிற்று. உரிய வயதில் கருத்தடைச் செலவைப் பங்கே ஏற்கும். விரும்புவோர் மாலை ஐந்து மணிக்கு மேல் பங்கில்லத்திற்கு வந்து பார்க்கலாம்.